புளியும் குடமும்

சா. கந்தசாமியின் 'சாயாவன'த்தை (1969) இம்மாதம் திரும்பவும் படித்தேன். சூழலியல் நாவல் என்று இதற்கு இப்போது முத்திரை குத்தியாகிவிட்டது. வசதியான முத்திரை, நாவலைப் படிக்கவேண்டிய அவசியம் இராது. கரும்பாலை கட்டுவதற்காகச் சிதம்பரம் வனத்தை வெட்டுகிறான், எரிக்கிறான். கந்தசாமி அவனைக் கண்டிப்பதில்லை. செடிகொடிகளின் எதிர்ப்பையும் அவனுடைய சலியாத உழைப்பையும் ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டு போகிறார். கூடவே நானும் வெட்டுகிறேன். வேலை முன்னேறினால் சந்தோஷப்படுகிறேன். இந்தச் சந்தோஷம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. பள்ளிக்கரணையில் நான் குடியிருக்கும் தெரு, சதுப்பைத் தூர்த்துப் போட்டது. வங்கியில் வீட்டுக் கடன் மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. (தூர்த்தது போக மிஞ்சிய சதுப்புக்கு 2022இல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது.) நாவலின் முடிவில் ஊராருக்கு அந்த வனத்துப் புளி இல்லாமல் போகிறது. ஒரு வனத்தின் நஷ்டத்தைச் சமையலறை அளவில் சொல்லக் கலைஞனால்தான் முடியும்.

அடுத்துப் படித்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973). ஜமுனாவின் குடத்தைக் குறியீடு என்கிறார்கள் நண்பர்கள். கோடையில் லாரிக்குக் காத்து நிற்பவனுக்கு அது குடம்தான். டீச்சரம்மா ஜமுனாவுக்குத் தத்துவம் எதுவும் சொல்வதில்லை. தன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறாள். பிறகு இருவருக்கும் தண்ணீர் பிடிக்கிற வேலை இருக்கிறது.