82 கிலோ

போன மார்ச் மாதம் எங்கள் வீட்டுத் தொங்கு தராசு காணாமல் போனது. பழைய பேப்பர், போத்தல் வாங்க வருகிறவர்களிடம் ஏமாறக் கூடாது என்று அம்மா வாங்கி வைத்திருந்த தராசு. இரண்டு நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, அண்ணா அதைக் கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று.

"கார நிறுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"கார இல்ல. காருக்குள்ள இருக்கிறத."

அண்ணா குண்டசாலையில் ஒரு சின்னக் கராஜில் வேலை செய்கிறார். நான் பேராதனையில் ஆர்ட்ஸ் பெகல்ட்டி. தினமும் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறேன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இடம் கிடைத்தால் ஏற வேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் அந்த இரண்டு மாதம் அண்ணா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிஆர் கொப்பியை விரித்து கிலோ கணக்கு எழுத, நானும் அம்மாயியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரை அந்தக் கொப்பியைப் பற்றியது.

கராஜுக்கு வந்த கார் தொண்ணூறுகளில் வந்த ஹொண்டா சிவிக் ஹேட்ச்பேக். இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தனியார் வாகனங்களை விட்ட நாடு இது. இந்த இடைவெளியில் நம்ம பொடியன்களுக்குக் கையில் இருந்த பழைய கார்தான் ஸ்போர்ட்ஸ் கார். ஓனர் கண்டிக்காரர், முப்பது வயதிருக்கும். ஒரு ட்ரெக் டேக்குப் போக வேண்டும் என்று ஆசை. ட்ரெக் டே என்றால் போட்டி இல்லை. காசு கட்டி, மூடிய ஓடுபாதையில் உங்கள் காரை உங்களால் முடிந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். எஞ்சினில் கைவைக்கக் காசு இல்லை, அதனால் எடையைக் குறைத்துத் தாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

இது புத்திசாலித்தனமான யோசனை என்றார் அண்ணா. எஞ்சினுக்குப் பலம் கூட்டினால் அக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான் அது உதவும். எடை குறைந்தால் மிதிக்கும்போதும் உதவும், பிரேக் அடிக்கும்போதும் உதவும், வளைவில் திரும்பும்போதும் உதவும். டயருக்கும் பிரேக்குக்கும் வேலை குறையும். ஆயிரம் கிலோ காரில் நூறு கிலோவைக் குறைத்தால், 100 குதிரைத்திறன் எஞ்சினை 111 ஆக்கியதற்குச் சமம். அதற்குத் தேவை ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும்தான். லோட்டஸ் கார்களைச் செய்த கொலின் சாப்மன் இந்த ஒரே கொள்கையை வைத்து, பெரிய எஞ்சின்காரர்களை எல்லாம் தோற்கடித்தார். 1968 இல் மலையேற்றப் போட்டிக்காகவே போர்ஷே செய்த 909 வெறும் 384 கிலோ. நம்ம த்ரீவீலரை விடக் கொஞ்சம்தான் கூட.

சிவிக்கின் எடை ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். கழற்றக் கழற்ற அண்ணா ஒவ்வொன்றையும் தராசில் தொங்கவிட்டு எழுதினார். ஸ்பேர் வீல், ஜெக், டூல்ஸ்: 17. பெல்ட்டோடு பின் சீட்: 15. கார்பெட்டும் அடியில் இருந்த பஞ்சும்: 9. டிக்கியை நிரப்பியிருந்த ஸ்பீக்கர் பெட்டியும் அம்ப்பும்: 16. தரையில் சத்தம் வராமல் இருக்கக் கம்பனியே ஒட்டிய தார் அட்டைகள்: 8. வெளிநாட்டில் ட்ரை ஐஸ் கொட்டி உறைய வைத்து, தட்டினால் பிஸ்கட் மாதிரி உடைத்து எடுப்பார்களாம். இங்கே ஹீட் கன்னும் உளியும்தான். அந்த எட்டுக் கிலோவுக்கு இரண்டு நாள் போனது. தூண்களை மூடியிருந்த பிளாஸ்டிக் கவர்கள், எல்லாம் சேர்த்து: 3. முன்னால் பக்கத்து சீட்: 14.

மொத்தம் 82 கிலோ. எட்டு சதவீதம். அண்ணாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏஎல் ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட அப்படி இருக்கவில்லை.

எடைக் குறைப்பில் எல்லாருக்கும் பிடித்த ஒரு கதை இருக்கிறது. அதையும் அண்ணா அன்றைக்குச் சொன்னார். 1934 ஜூனில் ஜெர்மனியில் ஐஃபெல் பந்தயம். எடை வரம்பு 750 கிலோ. மெர்சிடிஸ் கார் ஒரு கிலோ கூட. ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைப் பெயின்டைச் சுரண்டி எடுத்தார்கள், அடியில் இருந்த அலுமினியம் பளபளத்தது, அப்படித்தான் வெள்ளி அம்புகள் என்ற பெயர் வந்தது என்பது கதை. நான் தேடிப் பார்த்தேன். அந்தப் பந்தயத்தில் அந்த எடை வரம்பே இருக்கவில்லை, கதை பிறகு கட்டப்பட்டது என்று வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அண்ணாவிடம் சொன்னேன். "உன்னய யாரு கேட்டா?" என்றார்.

ஒன்றை மட்டும் ஓனர் கழற்ற விடவில்லை. ஏசி. கம்ப்ரஸர், பைப், கண்டென்ஸர் எல்லாமாக 19 கிலோ. "கண்டியில இருந்து அவ்வளவு தூரம் வேர்த்துக்கிட்டா போறது?" என்று கேட்டிருக்கிறார். ரோல் கேஜ் போடச் சொன்னபோதும் மறுத்துவிட்டார். கூரை நசுங்காமல் ஓட்டுபவரைச் சுற்றிப் போடும் இரும்புக் கூடு அது, 35 கிலோ வரும். "82 கிலோவ எடுத்துட்டு 35 கிலோவத் திரும்பப் போடுறதா? அதுக்குக் காசு வேறயா?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் காரை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். திகனையைத் தாண்டி மஹியங்கனை வீதி. ரோட்டில் ஓட்டிப் பார்த்தது தவறு. அதை நியாயப்படுத்த நான் எழுதவில்லை. ஓனர் ஓட்ட, பக்கத்து சீட் இல்லாததால் அண்ணா தரையில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இறக்கத்தில் ஒரு வளைவு. குறுக்கே ஒரு நாய். ஓனர் பிரேக்கை மிதித்தார். காரின் பின்பக்கம் வழுக்கி முன்னால் வரப் பார்த்தது. அரை வட்டம் சுற்றி மண் திட்டில் மோதி நின்றது. நாய்க்கு ஒன்றுமில்லை. ஓனருக்கும் ஒன்றுமில்லை. அண்ணாவின் தலை கதவுத் தூணில் மோதி, காதுக்கு மேலே ஐந்து தையல்.

அந்தத் தூணில் பிளாஸ்டிக் கவர் இருந்திருந்தால் வெறும் வீக்கத்தோடு போயிருக்கும். போன கிழமை தன் கையாலேயே கழற்றி, நிறுத்து, கொப்பியில் எழுதிய கவர். சில நூறு கிராம்.

தையல் போட்டு வந்து படுத்திருந்த நாட்களில் அண்ணா அதே கொப்பியில் வேறு ஒரு கணக்குப் போட்டார். முன் சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சின், கியர் பெட்டி எல்லாம் முன்னால் இருப்பதால், எடையில் சுமார் 60 சதவீதம் முன்னாலேயே இருக்கும். இவர்கள் கழற்றியதோ பெரும்பாலும் பின்னால் இருந்தவை: ஸ்பேர் வீல், சீட், ஸ்பீக்கர் பெட்டி. முன்னால் குறைக்க இருந்த ஒரே பெரிய சாமான் ஏசி, அதை ஓனர் விடவில்லை. கணக்குப்படி முன் எடை 64 சதவீதத்துக்குப் போயிருக்கிறது. பிரேக் அடித்தால் எடை இன்னும் முன்னால் சாயும், இறக்கத்தில் சொல்லவே வேண்டாம். பின் பிரேக்கோ பழைய எடைக்கு அளந்து வைத்தது. பாரம் இல்லாத பின் சக்கரம் லேசாகப் பூட்டிக்கொள்ளும். ஏபிஎஸ்ஸும் இல்லாத கார். வழுக்காமல் என்ன செய்யும்?

"எவ்வளவு கொறைச்சோம்னு மட்டும் பாத்தோம் தங்கச்சி. எங்க இருந்து கொறைச்சோம்னு பாக்கல."

அதுவரை ஒன்றும் பேசாமல் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயி அப்போதுதான் வாயைத் திறந்தார். "எங்களுக்கும் கொறைச்சாங்கதானே."

அம்மாயி நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். நிறுவையில் நிற்கும்போது, சாக்குக்கு ஒரு கிலோ, கொழுந்தில் இருக்கும் ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கழிப்பார்களாம். மழை நாளில் இன்னும் கூட. வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழித்ததுண்டு. ஒரு கிலோவில் நோம் தவறிப் போய் அரைப் பெயர் விழுந்த நாட்களை அம்மாயி இன்னும் மறக்கவில்லை. மலையில் சுமந்து வந்தது முழுப் பாரம், புத்தகத்தில் ஏறியது கழித்த பாரம்.

"எது வேண்டாத கிலோன்னு தூக்கிட்டு வந்தவள யாரும் கேக்கல," என்றார். "ஒன்னயும் கேக்காமத்தானே ஒன் சீட்டக் கழட்டுனாங்க?"

அண்ணா சிரித்தார். தையல் இழுத்தது போல, உடனே நிறுத்திவிட்டார்.

அம்மாயிக்கு ரேஸ் புதிது இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நுவரெலியாவில் 1934 இலிருந்து நடக்கும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி தேயிலைத் தோட்டத்து ரோட்டில்தான் நடக்கிறது. ஒவ்வொரு காராக விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் மேலே ஏறுகிறார் என்பது கணக்கு. ஏப்ரல் வசந்த காலத்தில் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் தேயிலை மேட்டில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்களாம். வேலி இல்லை, ஒன்றும் இல்லை. "கார் வர்ற சத்தம் கேட்டா எங்கம்மா என் பாவாடையப் புடிச்சுக்குவா. அவ்வளவுதான் வேலி."

எனக்கு உடனே தியத்தலாவை ஞாபகம் வந்தது. 2024 ஏப்ரல் 21, பொக்ஸ் ஹில் பந்தயம். பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு எட்டு வயதுச் சிறுமி. எங்கள் பெச்சில் அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இல்லை. இன்னும் பின்னால் போனால் 1955 லு மான்ஸ். எடை குறைவாக இருக்க மக்னீசியக் கலவையில் உடல் செய்த மெர்சிடிஸ் கார் பார்வையாளர்களுக்குள் பறந்து விழுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மக்னீசியம் லேசானது, ஆனால் பற்றினால் தண்ணீருக்கும் அணையாது.

இரண்டும் வேறு வேறு விபத்து, காரணங்களும் வேறு. ஆனால் எனக்குப் பட்டது ஒன்றுதான். வேலி, இடைவெளி, மண் அணை, சீட் பெல்ட், தூணுக்குப் பிளாஸ்டிக் கவர், இரும்புக் கூடு: இவை எதுவும் ஒரு நொடியைக்கூடக் குறைக்காது. எல்லாம் நன்றாகப் போகிற நாளில் வெறும் பாரமாகத்தான் தெரியும். இது எதற்கு என்று முதலில் கேட்பது ஓட்டுபவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் மேட்டில் நின்று பார்ப்பவரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர்களிடம் கேட்பதும் இல்லை.

லேசாக்குவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித்தின் போர்ஷே சுவரில் மோதிச் சுற்றியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மனுஷன் தானாக இறங்கி நடந்து வந்தார். அந்தக் காருக்குள் கார்பெட் கிடையாது, பின் சீட் கிடையாது. ஆனால் ரோல் கேஜ் உண்டு, ஆறு பட்டிப் பெல்ட் உண்டு, தலையைத் தாங்கும் சீட் உண்டு. வேண்டாததை எல்லாம் எடுத்தவர்கள்தான் வேண்டியதைக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள்.

அந்த வீடியோவை அண்ணா ஓனருக்குக் காட்டினார். மண் திட்டில் மோதிய பிறகு ஓனரும் கேட்கும் நிலையில் இருந்தார். பக்கத்து சீட் திரும்ப வந்தது. தூண் கவர்கள் வந்தன. ரோல் கேஜ் போட்டார்கள். கேஜ் போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டினால் அந்த இரும்பே தலையை உடைக்கும் என்பதால், இனி ட்ரெக்குக்கு லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். லொறியில் போகிற காருக்கு ஏசி எதற்கு? கடைசியில் அந்த 19 கிலோவும் இறங்கியது. பெட்டரியை முன்னாலிருந்து டிக்கிக்கு மாற்றினார்கள். அதில் எடை குறையாது, ஆனால் இடம் மாறும். 82 கிலோவில் தொடங்கிய கணக்கு 49 இல் வந்து நின்றது. இப்போதுதான் கார் சொன்னதைக் கேட்கிறது என்கிறார் அண்ணா.

பின் சீட்டை ஓனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் கிடக்கிறது, அம்மாயியின் பின்னேர இடம். முதல் நாள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எத்தன கிலோ?" என்று அண்ணாவிடம் கேட்டார்.

"பதினஞ்சு."

"எங்க நிறுவையில பதிமூணுன்னு போடுவாங்க," என்றார் அம்மாயி.