வகடோர்ல எங்க தங்குறது?

நவம்பர் பொறந்தா சேலையூர்ல ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு மழை. இன்னொண்ணு, புல்லட் வச்சிருக்கற யாராவது டீக்கடையில என்னைப் பிடிச்சு "சார், கோவா போனீங்களே, எந்த ரூட்டு?"ன்னு கேக்கறது. ரூட்டு கேப்பாங்க, டயர்ல எவ்வளவு காத்துன்னு கேப்பாங்க, ஜாக்கெட் எங்க வாங்கினீங்கன்னு கேப்பாங்க. எங்க தங்குனீங்கன்னு மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. என்னைக் கேட்டா அதுதான் முதல் கேள்வி.

விஷயம் தெரியாத மக்களுக்காக: ராயல் என்ஃபீல்டு கம்பெனி நடத்தற மூணு நாள் திருவிழா இது. முன்னாடி ரைடர் மேனியா, 2023-லேர்ந்து மோட்டோவர்ஸ்னு பேரு. அந்த வருஷம் நவம்பர் 24 முதல் 26 வரை, வடக்கு கோவாவுல வகடோர்ங்கற ஊர்ல, ஹில்டாப்னு ஒரு இடத்துல நடந்தது. வண்டி செய்யறதோ நம்ம ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும். வீட்டுலேர்ந்து முடிச்சூர், படப்பை தாண்டினா வந்துடும். கம்பெனியே 1955-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சதுதான். கோயில் இங்க, தேர் மட்டும் 900 கிலோமீட்டர் தள்ளி ஓடுது :)

2023-ல நாங்க நாலு பேர். பெருங்களத்தூர் நண்பர் ஒருத்தர் மாப்சாவுல லாட்ஜ் பாத்து வச்சிருந்தாரு. (போர்டுல மபுசான்னு இருக்கும். ஊர்க்காரங்க வாயில மாப்சாதான்.) வகடோர்லேர்ந்து சுமார் 8 கிலோமீட்டர். வாடகை பாதிக்கும் கம்மி. "தூங்கறதுக்கு மட்டும்தானே சார் ரூமு, அதுக்கு எதுக்கு தண்டமா காசு?"ன்னு அவர் வாதம். கேக்க நியாயமாத்தான் இருந்தது. மீதி ரெண்டு பேரும் அவர் பக்கம் சாய்ஞ்சாச்சு.

நான் மட்டும் ஒத்துக்கலை. காரணம் இருக்கு. தாம்பரத்துல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், சில வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போனாரு. ரூம் ஆறு கிலோமீட்டர் தள்ளி. பெரிய குடிகாரர் எல்லாம் கிடையாது. ரெண்டு நாள் வண்டி ஓட்டின அசதி, மேல ஒரு பீர். ராத்திரி ரூமுக்குத் திரும்பும்போது ரோட்டோரம் லைட் போடாம நின்ன லாரியில போய் மோதிட்டாரு. தொடையில கம்பி வச்சிருக்கு. தாம்பரம் ஸ்டேஷன் படியில இன்னிக்கும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வச்சுத்தான் ஏறறாரு. பின்னாடி வர்றவங்க உச்சுக் கொட்டுவாங்க. ஊருக்குப் போன 500 கிலோமீட்டர்ல ஒரு கீறல் இல்லை, ரூமுக்குப் போன ஆறு கிலோமீட்டர்லதான் எல்லாம்.

மாப்சா ரோடு எப்படின்னு நினைச்சுப் பாருங்க. அசகாவ் வழியா போகும். குறுகல், வளைவு வளைவா. பல இடத்துல ரெண்டு பக்கமும் செம்பாறாங்கல் மதில், விளக்கு வெளிச்சம் பத்தாது, நடுவுல மாடு படுத்திருக்கும். திறந்தவெளியில ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி இருக்கறதால, கச்சேரி முடிஞ்சதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல வெளிய வரும். அவங்களோட வாடகை ஸ்கூட்டர் எடுத்த சுற்றுலாக்காரங்களும் சேர்ந்துப்பாங்க. இதுல பாதிப் பேர் குடிச்சிருப்பாங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவுப்படி வழக்கு; முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும். நான் போலீஸுக்கு பயப்படலை. நான் குடிக்கறதில்லை, ஆனா எதிர்ல வர்றவனைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

அதனால என் நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் வண்டியை நிறுத்தினா காலையிலதான் எடுக்கணும். நடுவுல எங்க போனாலும் நடை. இதைத் தங்கமணி காதுல போட்டதும் "அப்படின்னாதான் போங்க"ன்னு சேர்த்து அடிச்சுட்டாங்க. நாலு வீட்டுலயும் இதே பேச்சு போனதும் பெருங்களத்தூர் நண்பர் அடங்கிட்டாரு.

நடக்கற தூரம்னு சொல்றதுல ஒரு சூது இருக்கு, சொல்லிடறேன். ஒரு இடத்துல "பத்து நிமிஷம்தான்"னு சொன்னாங்க. கேட்டா, கார்ல பத்து நிமிஷமாம்! வரைபடத்துல பக்கத்துல தெரியும், நடுவுல மேடு இருக்கும். போன் போட்டு "ராத்திரி பதினோரு மணிக்கு நடந்து வரலாமா, தெருவிளக்கு இருக்கா?"ன்னு நேராக் கேளுங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் யோசிக்கறாங்கன்னு கவனிங்க.

கடைசியில அஞ்சுனா போற பக்கம் ஒரு பழைய வீட்டுல ரெண்டு ரூம் கிடைச்சது. சாதாரண நாள் வாடகைக்கு ரெண்டரை மடங்கு. ஆளுக்கு ரெண்டாயிரம் சொச்சம் கூட. வீட்டுக்கார ஆன்ட்டி போட்ட விதி: ராத்திரி ஒன்பதுக்கு மேல காம்பவுண்டுக்குள்ள வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடாது. அவங்க மேல தப்பே இல்லை. சைலன்சரைக் கழட்டிட்டு வந்து காலையில ஆறு மணிக்கு முறுக்கற கூட்டத்தை அந்த ஊர்க்காரங்க வருஷா வருஷம் சகிச்சுக்கணும். நாங்க நாலு சாவியையும் அவங்க சமையக்கட்டு ஆணியிலயே மாட்டிட்டோம். சனிக்கிழமை ராத்திரி பெருங்களத்தூர் நண்பர் நாலு பீருக்கு அப்புறம் ஆன்ட்டிகிட்ட சாவி கேட்டாரு, "அஞ்சு நிமிஷத்துல சிகரெட் வாங்கிட்டு வந்துடறேன்"னு. ஆன்ட்டி சாவி தரலை. ஒரு செம்பு தண்ணி கொடுத்தாங்க. மனுஷன் திண்ணையிலயே தூங்கிட்டாரு.

வண்டி நிறுத்தற இடத்தையும் கேட்டு வச்சுக்குங்க. "பார்க்கிங் உண்டு"ன்னா சில பேருக்கு வாசல் ரோடுன்னு அர்த்தம். ஒரு வருஷம் அப்படி மாட்டி, ராத்திரி முழுக்க ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். பூட்டற கேட்டு வேணும். சைடு ஸ்டாண்டு புதையாத தரை வேணும்.

நம்ம ஏரியாக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு: கேன்சல் பண்ணா காசு திரும்பி வர்ற மாதிரி ரூம் போடுங்க. 2023 டிசம்பர் 8, 9-ல அதே வகடோர்ல இந்தியா பைக் வீக். அதுக்கும் ஒருத்தர் ரூம் போட்டிருந்தாரு, காசு திரும்பாத கணக்குல. 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருவெல்லாம் தண்ணி. வண்டியை மேட்டுல ஏத்தவே பாடு, இதுல கோவாவாவது!

போற வழிக்கு சித்ரதுர்கா நல்ல ஊர். முதல் நாள் 500 சொச்சம் கிலோமீட்டர் ஓட்டி அங்க படுத்துட்டா, மறுநாள் பெலகாவி, சோர்லா காட் எல்லாம் பகல் வெளிச்சத்துலயே தாண்டிடலாம்.

முக்கியமா, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கும் சேர்த்தே ரூம் போட்டுடுங்க. அன்னிக்கு சாயங்காலமே கிளம்பி காட் ஏறலாம்னு யாராவது சொல்லுவாங்க. எங்க கூட்டத்துலயும் ஒருத்தர் சொன்னாரு. யாருன்னு கேக்காதீங்க. திங்கக்கிழமை காலையில ஆன்ட்டி கொடுத்த பாவ் ரொட்டியும் டீயும் முடிச்சுட்டு, சாவியை ஆணியிலேர்ந்து எடுத்துக்கிட்டு, கேட்டு வரைக்கும் வண்டியைத் தள்ளிட்டுப் போய்த்தான் ஸ்டார்ட் பண்ணோம்.