எந்தப் பேரு வேணும்?

பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில், மலைச்சரிவை ஒட்டி இருக்கும் சின்னப் பட்டணம் திரிங்காப். சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். சற்றுத் தள்ளிப் போனால் தேயிலை. நம்மில் பலர் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ ஏறி வருவதால், கேமரன் மலையைப் பேராக் என்றே நினைத்துக்கொள்கிறோம். இது பகாங் மண்.

அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில், முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய பாட்டி ஒருவரிடம் வானொலி நிகழ்ச்சிக்காகப் பேசினேன். “உங்க பேரு என்ன பாட்டி?” என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

“எந்தப் பேரும்மா வேணும்?” என்றார்.

வேறு தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த வீட்டில் நாத்தனாருக்கும் அதே பெயர். மாமியார் புதுப் பெயர் வைத்துவிட்டார். கிராணி செக்ரோலில் எழுதியதும் அதைத்தான். பிறந்த வீட்டுப் பெயரை என்னிடம் மெல்லச் சொன்னார்.

எனக்கு இதே பகாங்கின் மகள் ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

15ஆம் நூற்றாண்டின் நடுவில் மலாக்கா படை பழைய பகாங்கைப் பிடித்தது. அரசர் மகாராஜா தேவ சூராவும் மகள் புத்ரி வானாங் ஸ்ரீயும் மலாக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இளவரசியை மணந்தவர் மன்சூர் ஷா. மதம் மாறியபோது அவள் பெயரும் லேலா வங்சா என்று மாறியது.

இந்த மன்சூர் ஷாவின் அப்பாயி துன் வாத்தி, தமிழ் முஸ்லிம் வழி வந்தவர் என்பார்கள். அங்கேயும் தாய்வழிதான் பேசியது. ரோக்கான் இளவரசியின் மகனை வீழ்த்திவிட்டு, துன் வாத்தியின் மகன் முசாபர் ஷாவாக அரியணை ஏறினார்.

வானாங் ஸ்ரீயின் மகன் ராஜா முகமட். ஒருநாள் அவர் போகும் வழியில் சிலர் செப்பாக் ராகா ஆடிக்கொண்டிருந்தார்கள். பண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார் உதைத்த பந்து, இளவரசரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. அங்கேயே துன் பெசார் கொல்லப்பட்டார். கொதித்தெழுந்த தன் ஆட்களை பண்டஹாரா அடக்கினார். ஆனால், இந்த இளவரசரைத் தலைவராக ஏற்கமாட்டோம் என்றார். மலாக்கா அரியணை கைநழுவியது. சுல்தான் மகனை அனுப்பியது தாயின் நாட்டுக்கு. 1470இல் அவர் பகாங்கின் முதல் சுல்தான் முகமட் ஷா ஆனார். தாத்தா போரில் இழந்த நாட்டில், மகள் வயிற்றுப் பேரன் அரசரானார்.

பழைய எகிப்திலும் இப்படி ஒரு பெண் உண்டு. காடேஷ் போரில் மோதிய எகிப்தும் ஹிட்டைட் நாடும் கி.மு. 1259 வாக்கில் சமாதானம் செய்துகொண்டன. சுமார் 13 ஆண்டுகள் கழித்து ஹிட்டைட் அரசர் மூன்றாம் ஹட்டுசிலி, தன் மகளை இரண்டாம் ராம்செஸுக்குக் கட்டிக்கொடுத்தார். எகிப்தியர் அவளுக்கு மாத்ஹோர்நெஃபெருரே என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. பெற்ற தாய் கூப்பிட்ட பெயர் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த வகையில் வானாங் ஸ்ரீ கொடுத்துவைத்தவள். இரண்டு பெயரும் நிலைத்துவிட்டன.

பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னேன். “சண்ட போடுறது அவங்க, பேர விட்டுட்டு வர்றது நாமளா?” என்று சிரித்தார். பிறகு கடை வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை ஓங்கிக் கூப்பிட்டார்.

சற்று முன் என்னிடம் மெல்லச் சொன்ன அதே பெயர்.

பேத்தி ஓடி வந்தாள்.