பன்னிரண்டு மணி பஸ்

2019 ஜூன் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அதிகாலை ஐந்தரை மணிக்கு டேர்பன் நகர மண்டபத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோருக்கு நடுவே நானும் நின்றேன். தொழிலின் நிமித்தம் நான் அந்த நகரில் வாழ்ந்த காலம் அது. அங்கிருந்து பீற்றர்மாரிட்ஸ்பேர்க் வரை சுமார் 87 கிலோமீற்றர். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கொம்ரேட்ஸ் மரதன் என்பது இதுதான்.

முதல் நாள் ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது உம்மா கேட்டார்: "ஏன் மகன், அந்த ஊரில பஸ் இல்லியா?"

முதலாம் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளப்பம் என்ற முன்னாள் படைவீரர் 1921இல் தொடக்கிய ஓட்டம் இது. முதல் வருடம் ஓடியவர்கள் 34 பேர், முடித்தவர்கள் 16 பேர். பெண்களும் கறுப்பினத்தாரும் இந்தியரும் முறைப்படி சேர்க்கப்பட்டது 1975இல்தான். அதற்கு முன்னரும் ஓடினார்கள். ரொபர்ட் இம்சாலி என்ற கறுப்பினத்தவர் 1935இலேயே ஓடி முடித்தார். பெறுபேற்றுப் பட்டியலில்தான் அவருக்கு இடமில்லை.

நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓடிப் பழகினேன். நீண்ட ஓட்டங்கள் குறைந்துபோயின. ஆகவே அன்று கால்கள் புதியனவாக இருந்தன. அதுதான் வினை. பதினொரு மணித்தியாலத்தில் முடிப்பது என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எத்தனை நிமிடம் என்பதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். சேவல் கூவும் ஒலி கேட்டது, துப்பாக்கி வெடித்தது, தாள் சட்டைப்பையில் நனைந்து கிழிந்தது. அதை நான் எடுத்துப் பார்க்கவேயில்லை.

கௌவீஸ் ஹில் என்ற முதலாவது பெரிய ஏற்றத்தில் பக்கத்தில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முதுகில் பச்சை இலக்கம். பத்துத் தடவை ஓடி முடித்தவர்களுக்குப் பச்சை இலக்கம் கிடைக்கும். எந்த நாடு என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். தன் பாட்டி தமிழ் பேசுவார் என்றார். 1860 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல். தமிழில் தனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான் என்று கூறிவிட்டு, அதைச் சொன்னார்: "மெதுவா."

நான் கையை அசைத்துவிட்டு ஓடினேன். பின்னால் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. அங்கே அதற்குப் பெயர் 'பஸ்'. கொடி பிடித்த ஒருவர் சாரதி. அவர் சொன்னால் ஓடுவார்கள், சொன்னால் நடப்பார்கள். கொடியில் 12 என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஓடத் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபீல்ட்ஸ் ஹில்லையும் ஓடியே ஏறினேன். போத்தாஸ் ஹில்லிலிருந்து ட்ரம்மண்டுக்கு இறங்கும்போது இடது முழங்காலின் வெளிப்புறத்தில் ஊசி குத்தியது. பாதி வழியை 4 மணி 40 நிமிடத்தில் அடைந்திருந்தேன். திட்டத்தைவிட முக்கால் மணித்தியாலம் முந்தி. அதை வெற்றி என்று எண்ணியவாறே இன்சாங்கா மலையில் கால் வைத்தேன். மலை என்னை அங்கேயே நிறுத்தியது.

அதற்குப் பிறகு ஓட்டம் என்று எதுவும் இல்லை. ஏறும்போது தொடை எரிந்தது, இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. எதெம்பெனி பாடசாலையின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வீதியோரம் வரிசையாக நின்றார்கள். ஒரு சிறுவன் கையை நீட்டினான். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே கடந்து போய்விட்டேன். இந்த வீதியில் ஓடி முடித்த தூரத்தைப் பலகைகள் காட்டுவதில்லை, மிச்சமிருப்பதைத்தான் காட்டும். 35க்கும் 34க்கும் இடையில் ஒரு வாழ்நாள் போனது. பையில் வீக்கம் தணிக்கும் வலிமாத்திரை ஒன்று இருந்தது. உடலில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம் என்று வாசித்திருக்கிறேன். வாசித்தவன் ஏன் கொண்டுவந்தேன்? வீசிவிட்டேன்.

கம்பர்டவுனை நெருங்கும்போது புல்லில் உட்கார்ந்தேன். விலகிக்கொள்வோரை ஏற்றிப்போக வாகனம் வரும். இது வேறு பஸ். அதை எதிர்பார்த்திருந்தபோதுதான் பாட்டுச் சத்தம் கேட்டது. அதே கொடி. நடுவில் அந்தப் பச்சை இலக்கம். அவர் நிற்கவில்லை. கையிலிருந்த அவித்த உருளைக்கிழங்கை உப்போடு பாதியாகப் பிட்டு நீட்டியபடியே போனார். வாங்குவதற்கு நான் எழும்ப வேண்டியிருந்தது. எழும்பியவன் அப்படியே நடந்தேன்.

ஒரு விளக்குக் கம்பம் வரை ஓட்டம், அடுத்த கம்பம் வரை நடை. முழங்கால் வலித்தது, ஆனால் கணக்கை வேறொருவர் பார்த்துக்கொண்டார். 'ஷொஷொலொஸா' பாடலின் சொற்கள் தெரியாமலே வாயசைத்தேன். நாள் முழுவதும் அந்த ஒரு பகுதியைத்தான் நான் ஒழுங்காக ஓடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பொலி ஷோர்ட்ஸ் கடைசிப் பெரிய ஏற்றம். அதன் நடுவில் அவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. வீதியோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். பஸ் நகர்ந்தது. அவர் கையை வீசினார். 'கோ' என்றாரா, 'போ' என்றாரா, இன்றுவரை தெரியவில்லை. நான் போனேன்.

ஸ்கொட்ஸ்வில் குதிரைப் பந்தயத் திடலில் கோட்டைக் கடந்தபோது 11 மணி 54 நிமிடம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வருவோருக்கான சிறிய பதக்கத்தைத் தந்தார்கள். விக் கிளப்பத்தின் பெயர் கொண்டது. நான் வெளியே போகாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். பன்னிரண்டு மணித்தியாலம் முடியும்போது ஒருவர் கோட்டில் நின்று, ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டியபடி துப்பாக்கியை வெடிப்பார். யாருடைய முகமும் அவர் கையைத் தடுத்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம். வெடித்தது. வழியை அடைத்தார்கள். அடைத்ததற்கு அப்பால் இருபது முப்பது பேர். அவர்களுக்கு நடுவே குனிந்து, இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி நின்ற ஒருவரின் முதுகில் பச்சை இலக்கம்.

அவராக இருக்காது என்று நினைத்தேன். நிமிர்ந்தார். அவர்தான்.

சனத்துக்குள் தேடிப் பார்த்தேன், காணவில்லை. முழங்காலோடு அதிக தூரம் தேடவும் முடியவில்லை.

இரவு உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பஸ்ஸிலதான் உம்மா வந்து சேர்ந்தன்" என்றேன்.

"அதத்தானே நான் முதல்லயே சொன்னன்" என்றார்.

அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை.