நீங்க என்ன கவர்ன்மென்ட்டா?

உங்கள் வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதில் குழந்தை இருந்தால் இந்த வாரம் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து என் பேத்திக்குத் துப்பாக்கிப் பைத்தியம். "தாத்தா, என்னை ஷூட்டிங்ல சேர்த்து விடு" என்று ஒரே நச்சரிப்பு. விசாரித்ததில் பக்கத்திலேயே ஒரு ரேஞ்ச் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு கடைக்கு மேல் இரண்டாவது மாடி. ஏ.சி. குளிர், சுவரில் மெடல் படங்கள், ஆறு லேன். பத்து மீட்டர் தள்ளி காகித டார்கெட். எல்லாம் பிரமாதம். ஒன்று மட்டும் உறுத்தியது. டார்கெட்டுக்கு இரண்டடி தள்ளி ஒரு கதவு.

"அது என்ன சார்?"

"டாய்லெட் சார்."

"உள்ளே ஆள் இருந்து, வெளியே வந்தா?"

"குரல் கொடுத்துட்டுத்தான் வருவாங்க" என்றார் கோச்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. "இங்கே யாராவது வந்து இன்ஸ்பெக்ஷன் பண்ணுவாங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "ஏர் பிஸ்டல்தானே சார், இதுக்கு லைசென்ஸே தேவையில்லை. நீங்க என்ன கவர்ன்மென்ட்டா?"

லைசென்ஸ் விஷயத்தில் அவர் சொன்னது தப்பில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், 2016-ம் வருஷத்து விதிகள். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், வேகத்தின் சக்தி 20 ஜூலுக்கும் மேல் போகாத காற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்தக் குட்டி ஈயக் குண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதைச் சட்டம் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நிஜத் துப்பாக்கி என்றால் கதை வேறு. லைசென்ஸ் கொடுப்பவர் மாவட்டத்தில் கலெக்டர், சென்னை மாதிரி நகரத்தில் போலீஸ் கமிஷனர். கொடுக்கும் முன் போலீஸ் ஸ்டேஷன் ரிப்போர்ட் வாங்க வேண்டும். கொடுத்த பிறகும் பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் 17-ம் பிரிவின்படி நிபந்தனையை மாற்றலாம், நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அப்பீல் போகலாம். சோதனை போடவும் வழி இருக்கிறது. 22-ம் பிரிவு. மாஜிஸ்திரேட் தன் சந்தேகத்துக்கான காரணத்தை எழுதிவிட்டுத்தான் ஆளனுப்ப முடியும். நினைத்தவுடன் கதவை உடைக்க முடியாது. நியாயமான ஏற்பாடுதான். 1878-ல் வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டம் நம்மை நிராயுதபாணிகளாக்கப் போட்டது. அந்த நினைவு உள்ள தேசம் அதிகாரிக்கு அளந்துதான் கொடுக்கும்.

எனக்கும் அதிகாரிகள் என்றால் அலர்ஜி. அப்பா சின்னதாக ஒரு அச்சகம் நடத்தினார். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதலில் ஃபேன், அப்புறம் காபி, அப்புறம் கவர். வந்தவர் காபியைக் குடித்து, கவரை வாங்கி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மூலையில் தடுப்பு இல்லாமல் நின்ற கட்டிங் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மறு வருஷம் அதில் எங்கள் பைண்டருக்கு இரண்டு விரல் போயிற்று. அதற்கப்புறம்தான் அப்பா தடுப்பு மாட்டினார். வெகுநாள் வரை நான் "இன்ஸ்பெக்டர் என்பவரே வேண்டாம்" என்று பேசிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், வேண்டாதது அந்தக் கவர்தான். அந்த மெஷினைப் பார்க்க ஒருத்தர் கட்டாயம் வேண்டியிருந்தது.

பிரிட்டனில் இதற்கு ஒரு சட்டமே வைத்திருக்கிறார்கள். 1988-ம் வருஷத் திருத்தப்படி, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்புக்குள், எழுத்து மூலமான அதிகாரத்தோடு போலீஸ்காரர் நுழைந்து சோதிக்கலாம். ஆனாலும் 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் ஒருவன் 16 குழந்தைகளையும் ஒரு டீச்சரையும் சுட்டுக் கொன்றான். அத்தனையும் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. ஐந்து வருஷம் முன்பே, 1991-ல், ஒரு போலீஸ் அதிகாரி 'இவன் லைசென்ஸை ரத்து செய்யுங்கள்' என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தது பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. மேலிடம் ஒன்றும் செய்யவில்லை. அதிகாரம் இருந்தது, பேப்பரும் இருந்தது. பேனாதான் நகரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வாருங்கள். 2021 டிசம்பர் 30. நார்த்தாமலைப் பக்கம் போலீஸ் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. 2022 ஜனவரி 3 அன்று போய்விட்டான். படைகளின் ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டிப் போகக்கூடியது. பின்னால் மண்மேடு எவ்வளவு உயரம், சுற்றிலும் எத்தனை வீடு என்று பார்ப்பதற்குத்தானே இன்ஸ்பெக்ஷன்?

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அரசு ஊழியர் கடமையின்போது வைத்திருக்கும் ஆயுதத்துக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது. 45-ம் பிரிவு. கிளப்காரரைக் கேள்வி கேட்கலாம். சர்க்கார் ரேஞ்சை அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கேட்க முடியாது. பையனுக்குக் குண்டு பட்ட பிறகுதான் தளத்தைத் தற்காலிகமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஒருநாள் முன்னால் வந்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி அந்த ரேஞ்சுக்குப் போனேன். கோச் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"தம்பி, நான் கவர்ன்மென்ட் இல்லை. இவளோட தாத்தா. அந்தக் கதவை அடைச்சிடுங்க. குழந்தைகளுக்குக் கண்ணாடி மாட்டுங்க. சுடுறப்போ ஒரு பெரிய ஆள் பின்னாலேயே நிக்கணும். மூணும் செஞ்சா பணம் கட்டறேன்."

பதில் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து போன். "சார், வந்து பாருங்க." போனோம். கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. சிமென்ட் ஈரம் காயவில்லை. டாய்லெட்டுக்கு வழி இப்போது மாடிப்படிப் பக்கம்.

பேத்தி முதல் நாள் சுட்டதில் பத்துக்கு ஒன்றுகூட டார்கெட்டில் படவில்லை. எல்லாம் அந்தப் புதுச் சுவரில்தான் பட்டிருந்தது.