ஆறுமணிக்குருவி



பங்குனிக் கடைசியில் கோவையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் பேத்தி என்னை ஆனைகட்டி மலையடிவாரத்துக்குப் பறவை பார்க்க அழைத்துப் போனாள். சாலிம் அலி பெயரில் பறவையியல் மையம் இருக்கும் ஊர் அது.

"தாத்தா, ஆறுமணிக்குருவி கூப்பிடுது, கேக்குதா?" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை. "கேக்குதும்மா" என்று பொய் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தவள், ஒன்றும் பேசாமல் தோளைப் பிடித்துப் புதருக்கு நேராகத் திருப்பிவிட்டாள். பச்சை, நீலம், வயிற்றடியில் சிவப்பு எனச் சருகுக்குள் தத்தித் தத்தி இரை தேடிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவுவதால் அந்தப் பெயர். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு, கோடையில் குஞ்சு பொரிக்க வடக்கே போய்விடும்.

மானாம்பதி திரும்பியதும் காதைப் பரிசோதித்துக் கருவி வாங்கிவிட்டேன். இப்போது வாசலில் தவிட்டுக்குருவிகள் போடும் கூச்சல் நன்றாகவே கேட்கிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. "காதுல விழலையா?" என்று கடைசி பெஞ்சில் எத்தனை பேரை நிற்க வைத்திருக்கிறேன்! உங்களில் யாருக்காவது உண்மையிலேயே கேட்காமல் இருந்ததா? இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.