அக்கா எலெக்சன் கேட்ட கதை

2024 நவம்பர் 14 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களுக்கு 396 பேர் போட்டியிட்டார்கள். 23 கட்சிகள், 21 சுயேச்சைக் குழுக்கள். ஆசன எண்ணிக்கையைவிட மூன்று பேர் கூடுதலாகப் பட்டியலில் இருக்கவேண்டும் என்பது சட்டம், ஆகவே பட்டியலுக்கு 9 பேர். 44ஐ 9ஆல் பெருக்கிப் பாருங்கோ, கணக்குச் சரிவரும். அந்த 396 பேரில் ஒராள் என்ரை பெரியம்மாவின்ரை மகள்.

பேப்பரில் வந்த கட்டுரைகளும் முகநூல் பகிடிகளும் இந்த 396ஐ ஒரு வருத்தம் மாதிரித்தான் பார்த்தன. "கண்டவன் நிண்டவன் எல்லாம் எம்.பி ஆகப் போறானாம்." எனக்கும் அந்தப் பகிடிகளில் பாதி பிடிக்கும். ஆனால் வீட்டிலை ஒராள் நிண்டால் அது வேறை கதை.

அக்கா முன்பள்ளி ஆசிரியை. சம்பளம் எண்டு சொல்ல வெட்கப்படுகிற ஒரு கொடுப்பனவு. அவவுக்கு அரசியலில் இருந்த ஒரே விசயம் நுண்கடன். முன்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார் சிலர், கிழமைக் காசு அறவிட லோன்காரர் வருகிற நாளில் வீட்டைப் பூட்டிப்போட்டு முன்பள்ளி வளவுக்குள்ளை வந்து இருப்பினம். ஐந்தாறு பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்துதான் கடன் எடுக்கிறது. ஒராள் கட்டாட்டி மற்ற ஆக்கள் கட்டவேணும். கடன்காரன் கதவைத் தட்டத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரியே தட்டுவாள். இதைப் பாராளுமன்றத்திலை ஒராள் வடிவா விளங்கிக் கதைக்கவேணும் எண்டு அக்கா கனகாலமாச் சொல்லிக்கொண்டிருந்தவ. அந்த ஒராள் தானாக இருக்கலாம் எண்டு அவ நினைக்கேல்லை.

செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், 24இல் பாராளுமன்றம் கலைப்பு, ஒக்டோபர் 4 முதல் 11 வரை வேட்புமனு. இரண்டு கிழமைக்குள்ளை ஒன்பது பேரைத் தேடவேண்டிய ஒரு சுயேச்சைக் குழு எப்பிடி ஆக்களைப் பிடிக்கும் எண்டு யோசியுங்கோ. ஒராள் குறைந்தாலும் முழுப் பட்டியலும் நிராகரிக்கப்படும். குழுவின் முதன்மை வேட்பாளர் ஓய்வுபெற்ற ஒரு ஐயா. அவருக்கு எட்டுப் பேர் தேவை, அதிலை ஒரு பெம்பிளையும் இருந்தால் நல்லம். "நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லைப் பிள்ளை, கையெழுத்து மட்டும் வையும்" எண்டார். அக்கா கையெழுத்து வைச்சா. பிறகு ஒண்டும் செய்யாமல் இருக்க மறுத்திட்டா. ஐயாவுக்கு அதுதான் முதல் அதிர்ச்சி.

கட்டுப்பணம் சுயேச்சைக்குத் தலைக்கு 2,000 ரூபா. பெரிய காசில்லை. பெற்றோல்தான் ஆளைத் தின்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் எண்டால் கிளிநொச்சியும் சேர்ந்தது. நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலை படகு ஏறவேணும், பருத்தித்துறைக்கு ஒரு நாள், பூநகரிக்கு ஒரு நாள். அக்காவிடம் ஒரு பழைய ஸ்கூட்டி. பின்னால் நான், மடியில் நோட்டீஸ் கட்டு.

சின்னம் வீட்டிலை பாவிக்கிற ஒரு சாமான். எதெண்டு சொன்னால் ஆள் ஆரெண்டு தெரிஞ்சிடும், விடுவம். வீடு, சைக்கிள், சங்கு, திசைகாட்டி எண்டு சனத்தின்ரை தலைக்குள்ளை ஏற்கெனவே இருக்கிற சின்னங்களுக்குப் பக்கத்திலை எங்கட சாமானைக் கொண்டுபோய் வைக்கிறதே பெரும் பாடு. அதோடை முடியாது. முதலிலை சின்னத்துக்குப் புள்ளடி, பிறகு அக்காவின்ரை இலக்கத்துக்கு ஒரு புள்ளடி. விருப்பு வாக்கு மூண்டு பேருக்குப் போடலாம். ஒரு படலையிலை நிண்டு இதை விளங்கப்படுத்தி முடிக்கக் கால் மணித்தியாலம் போகும். நுண்கடனைப் பற்றிக் கதைக்க எங்கை நேரம்?

சனம் கேட்டதும் வேறை கேள்விகள். "ஆற்றை பிள்ளை நீர்?" "கலியாணம் கட்டியாச்சோ?" "உங்களுக்குப் பின்னாலை நிக்கிறது ஆர்?" இந்த மூன்றாவதைக் கேளாத வீடு இல்லை. ஒரு பெம்பிளை தானாக ஒரு முடிவெடுத்து வந்து நிற்பாள் எண்டதை நம்ப ஒருத்தரும் தயாரில்லை. பின்னாலை நான்தான் நிக்கிறன் எண்டு ஒருக்காச் சொன்னன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்திட்டு நோட்டீஸை மடிச்சுத் தந்திட்டா.

"வாக்கைப் பிரிக்க வந்தனியள்" எண்டதுதான் அக்காவைக் கூடக் காயப்படுத்தின சொல்லு. அதிலை கணக்கு உண்மை கொஞ்சம் இருக்கு. மாவட்டத்திலை 5 வீதம் எடுக்காத பட்டியலின்ரை வாக்கு ஆசனக் கணக்குக்குள்ளை வராமல் கழியும். சின்னக் குழுக்களுக்குப் போகிற வாக்கு பெரிய ஆக்களின்ரை ஆசனத்தை இன்னும் மலிவாக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கேள்வி எனக்கு இண்டைக்கும் இருக்கு. கட்சிகள் ஒவ்வொரு முறையும் அதே முகங்களைப் போட்டு, மிச்ச இடத்துக்கு ஆக்களை நிரப்பிப்போட்டு, வெளியிலை வந்து நிக்கிறவரைப் பார்த்து "பிரிக்கிறாய்" எண்டு சொல்லுறது என்ன நியாயம்? ஒற்றுமை எண்ட சொல்லை எங்கட ஊரிலை எப்பவும் ஏற்கெனவே கதிரையிலை இருக்கிற ஆக்கள்தான் பாவிக்கினம்.

முடிவு வந்தது. தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கோடை 3 ஆசனம். தமிழரசுக் கட்சிக்கு 63,327 வாக்கு, ஒரு ஆசனம். தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17 27,855, ஆளுக்கொண்டு. 1994இல் இருந்து பாராளுமன்றத்திலை இருந்த டக்ளஸ் தேவானந்தா தோற்றார். சுமந்திரன் தோற்றார். தெரிவான 6 பேரிலை 4 பேர் பாராளுமன்றத்துக்குப் புதுசு. சனத்துக்குப் புதுமுகம் வேண்டாம் எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது.

ஆனால் அந்த நாலு பேர் எந்தக் கதவாலை போனவை எண்டு பாருங்கோ. மூன்று பேர் திசைகாட்டியாலை. ஜனாதிபதியின்ரை சின்னம் அது, படலையிலை நிண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாலாவது ஆள் ஊசிச் சின்னத்திலை வந்த வைத்தியர் அர்ச்சுனா. சாவகச்சேரி வைத்தியசாலைப் பிரச்சினையோடை அவரின்ரை முகநூல் நேரலைகள் லண்டன் வரைக்கும் ஓடினது, தேர்தலுக்கு நாலு மாசத்துக்கு முதலே. முதல் நாளே எதிர்க்கட்சித் தலைவரின்ரை கதிரையிலை போய் இருந்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை இருக்கும், எனக்கும் இருக்கு, அது இஞ்சை வேண்டாம். நான் சொல்லுறது இவ்வளவுதான்: புதுசா வாற ஆளுக்கு ஒண்டில் சின்னம் வேணும், இல்லாட்டி ஊர் முழுக்கத் தெரிஞ்ச முகம் வேணும். நுண்கடனைப் பற்றி நல்லாத் தெரிஞ்ச முன்பள்ளி ரீச்சருக்கு ரெண்டும் இல்லை.

அக்காவின்ரை குழு 5 வீதத்துக்குக் கிட்டவும் போகேல்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுத்த நாள் அவ போனிலை விருப்பு வாக்குப் பட்டியலைத் தேடிக்கொண்டே இருந்தா. வந்ததெல்லாம் ஆசனம் எடுத்த தரப்புகளின்ரை கணக்கு. அவவின்ரை இலக்கத்துக்கு எத்தனை பேர் புள்ளடி போட்டவை எண்டு எங்களுக்கு இண்டைவரைக்கும் தெரியாது. பத்தோ, இருநூறோ. "முன்பள்ளித் தாய்மார் போட்டிருப்பினம்" எண்டு பெரியம்மா சொன்னா. அக்கா ஒண்டும் சொல்லேல்லை.

பிறகு செலவுக் கணக்கு. 2023இல் வந்த சட்டப்படி, வெண்டாலும் தோற்றாலும் 21 நாளுக்குள்ளை வேட்பாளர் செலவு விபரம் குடுக்கவேணும். குசினி மேசையிலை இருந்து எழுதினம். பெற்றோல், நோட்டீஸ், படகுக் காசு, ரெண்டு தரம் டயர் ஒட்டினது. நான் பூநகரியிலை குடிச்ச சோடாவைப் போடுறதோ விடுறதோ எண்டு ஒரு சண்டை. போட்டா.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முதல் எங்கட வீட்டு ஒழுங்கையிலை திடீரெண்டு மோட்டார் சைக்கிள்கள் கூடினது. உள்ளூராட்சியிலை பெம்பிளையளுக்கு ஒதுக்கீடு இருக்கு, பாராளுமன்றத்துக்கு இல்லை. "பிரிக்க வந்தவை" எண்டு சொன்ன ஒரு கட்சிக்காரரும் வந்தவை. அக்காவின்ரை பேச்சு நல்லம், துணிவு நல்லம் எண்டு கனக்கப் புகழ்ந்தினம். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"வட்டாரமோ, பட்டியலோ?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தினம். "இந்த முறை பட்டியலிலை போடுறம் பிள்ளை, அடுத்த முறை வட்டாரம் பார்ப்பம்" எண்டார் மூத்தவர். அக்கா தேத்தண்ணி போட எழும்பிப் போனா. அவை குடிச்சிட்டு, படிவத்தைத் திருப்பி மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு போச்சினம்.